ஒன்பது வாடகைச் சுவர்கள்

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு போட்டு வைத்திருந்தேன். இடது பக்கம், எதிரே இருப்பவர் தமிழில் சொன்னது. வலது பக்கம், அதை நான் எங்கள் வகுப்பு மொழியில் எடுத்துச் சொன்னது. பன்னிரண்டு நாள் பயணம், நாளுக்கு நான்கு பக்கம் என்று வைத்து, நாற்பத்தெட்டுப் பக்கத்துக்கும் விமானத்திலேயே கோடு போட்டு முடித்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த, என்னோடு படிக்கும் தீயணைப்புக்காரர், "இன்னும் ஊரே வரல, அதுக்குள்ள வீட்டுப்பாடமா?" என்றார்.

எனக்குப் பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. வந்து இறங்கும் லென்ஸ்களைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் யாரோ ஒருவருக்குத் தலைவலி வரும். அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்ப்பேன். வீட்டுக்குப் போன பிறகு, இரண்டாம் முறை பார்த்தேனா என்று சந்தேகம் வரும். செவ்வாய், வியாழன் மாலைகளில் கல்லூரியில் இன்றைய இந்தியக் கலையும் பண்பாடும் என்ற வகுப்புக்குப் போகிறேன். மொத்தம் பதினொரு பேர். அந்தப் படிப்பின் கடைசிப் பகுதிதான் இந்தப் பயணம்.

நாங்கள் போன நகரத்தில் தமிழ் பேசுவார்கள். வகுப்பில் தமிழ் தெரிந்தவன் நான் மட்டும்தான். பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு வெளிநாடு போனவன். வீட்டுக்குள்ளேயே புழங்கிய, வெயில் படாத தமிழ் என்னுடையது. இருந்தாலும் முதல் நாளே எங்கள் ஆசிரியர், "இனிமே நீதான் எங்களுக்குக் காதும் வாயும்" என்று சொல்லிவிட்டார். சார் பேசியதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் மாலை ஒரு வீட்டு மாடிக்குப் போனோம். அந்த வீட்டுப் பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பகலில் ஒரு மருத்துவமனையின் கோப்பு அறையில் வேலை. அவரை ஓவியர் என்று சொல்லலாமா என்பதில் எனக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை. அவர் எதையும் வரைவதில்லை. ஒரு வாடகை வீட்டில் எந்தச் சுவரில் ஆணித் துளை அதிகமோ அந்தச் சுவரைத் தேர்ந்தெடுப்பார். மெல்லிய வெள்ளைத் தாள்களை ஒட்டிச் சேர்த்து, சுவர் முழுவதையும் மூடி, சுவரில் துளை இருக்கும் இடத்துக்கு நேராகத் தாளில் ஊசியால் ஒரு துளை போடுவார். அவ்வளவுதான். கல்யாணமானதிலிருந்து அவர்கள் குடியிருந்தது இப்போதைய வீட்டோடு ஒன்பது வீடு. அதனால் ஒன்பது தாள், கடைசித் தாளில் மட்டும் வேலை பாக்கி.

இரண்டே அறை. நாங்கள் நுழைந்ததும் இடம் நிரம்பிவிட்டது. அவருடைய கணவர் வாசலுக்கு வெளியே படியில் நின்றுகொண்டார். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறவர். அங்கிருந்தே தலையை நீட்டி, "வீட்டுக்காரர் ஆணி அடிக்கக் கூடாதுன்னுதான் தம்பி சொன்னாரு. ஏற்கனவே இருக்குற ஓட்டையை எண்ணக் கூடாதுன்னு சொல்லல. அதையும் உங்க சாருக்குச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் குறிப்பு கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே நீளத்தில் இருக்கிறது.

அக்கா (அப்படித்தான் கூப்பிட்டேன்) ஒரு தாளை எடுத்து ஜன்னல் முன்னால் பிடித்தார். பாதிக்கு மேல் விரிக்க இடமில்லை. மாலை வெயில் துளைகள் வழியே வந்தது. தாளின் மேல்பக்கத்தில் நிறைய, நடுவில் கொத்தாகச் சில, கீழே மூலையில் தனியாக ஒன்று.

சார் கேட்டார்: "இதைச் செய்யணும்னு உங்களுக்கு ஏன் தோணுச்சு?"

நான் கேட்டேன். அக்கா தாளை மடித்துக்கொண்டே, "சும்மாதான் தம்பி. கண்ணுல பட்டுச்சு" என்றார்.

அதோடு நிறுத்திவிட்டார். பத்துப் பேனாக்கள் காத்திருந்தன. சார் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்தவர்களிடம் 'சும்மா' என்று எப்படிச் சொல்வது? நம்மவர்களுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். எனக்கும் நாலு வார்த்தை அழகாகப் பேசத் தெரியும் என்று காட்டுகிற ஆசையும் இருந்திருக்கலாம். எது முதலில் வந்தது என்று பிறகு பலமுறை யோசித்தேன், பிடிபடவில்லை. என் வாய் இப்படிச் சொன்னது: "வாடகைக்கு இருப்பவர் உலகத்தின் மேல் ஒரு கீறல்கூட விடக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படியாதவர்களின் கையெழுத்துகளை நான் சேகரிக்கிறேன்."

சார் கண்களை மூடித் திறந்தார். "மறுபடி சொல்லு, மெதுவா" என்றார். சொன்னேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். "நான் சொன்னது அவ்வளவு நீளமா?"

"அந்த மொழி அப்படித்தான் அக்கா. கொஞ்சம் இழுக்கும்."

இது இரண்டாவது பொய்.

கிளம்பும்போது சார் ஒரு விஷயத்தைச் சொல்லச் சொன்னார். எங்கள் கல்லூரியில் ஆண்டுக்கு ஒரு கலைஞருக்கு மூன்று மாதம் தங்கி வேலை செய்ய இடம் தருகிறார்கள். பெரிய கூடம். தேர்வுக் குழுவில் மூன்று பேர், அவர்களில் சாரும் ஒருவர். இந்த ஆண்டுக்கு அக்காவின் பெயரைச் சொல்லப் போகிறார். பயணத்தின் பத்தாம் நாள் மற்ற இருவரும் திரையில் வந்து அக்காவோடு பேசுவார்கள்.

அக்கா முதல் முறையாக உட்கார்ந்தார். "கூடம்னா எவ்வளவு பெருசு?" என்று கேட்டார். சார் கையை விரித்து, பிறகு அது போதாமல் தெருவைக் காட்டினார்.

"சுவத்துல வச்சுத் துளை போட்டதும் கழட்டி மடிச்சு வச்சுடுவேன் தம்பி. வெளிச்சத்துல எதையும் முழுசா விரிச்சுப் பாத்ததில்ல. ஒன்பது வீட்டையும் ஒரே எடத்துல நின்னு பாக்கணும். ஒரே ஒரு தடவை. அதுக்குத்தான் போகணும்."

இதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஆனால் சாருடைய பேனா அந்த வரியின் பக்கம் போகவில்லை. முதலில் எழுதியதைத்தான் அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் இரண்டு காட்சிக்கூடங்கள், ஐந்தாம் நாள் ஓர் அச்சுப் பட்டறை, ஆறாம் நாள் பழைய டயர்களில் சிற்பம் செய்யும் தம்பதி. பக்கங்கள் ஒழுங்காக நிரம்பின. எனக்குத்தான் எங்கேயும் நிற்க முடியவில்லை. ஒரு படத்தின் முன்னால் நின்றால் அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று கால் போகும். அடுத்த அறைக்குப் போனால் விட்டு வந்ததைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று திரும்பும். தீயணைப்புக்காரர்தான் விடுதியில் என் அறைத்தோழர். "உனக்கு உள்ள எங்கேயோ புகையுது. எனக்கு வாசனை தெரியும்" என்றார்.

மதிய இடைவேளையில் போனில் பேசியபோது அம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன்.

"நாலு வயசுலயே நீ அப்படித்தான்டா. யாராவது உன் பேர் என்னன்னு கேட்டா தாத்தா பேர் வரைக்கும் சொல்லுவ. கேக்காததுக்கும் பதில்."

"இப்ப என்னம்மா பண்றது?"

"என்னத்தப் பண்றது. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாக்குற. போய்ச் சொல்லிடு."

"சொன்னா அவங்களுக்குக் கெடைக்குறது போயிடும்."

"சொல்லாட்டி?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். அம்மாவும் விடவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

ஏழாம் நாள் சார் என் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மூன்றாம் நாள் பக்கத்தில் நிறுத்தினார். இடது பக்கம் அரை வரி. வலது பக்கம் நாலு வரி. "அடேயப்பா. இவ்வளவு பெரிய கருத்தை உங்க மொழியில இத்தனை சுருக்கமா சொல்லிட முடியுமா?" என்றார். உண்மையான வியப்பு. எங்கள் வகுப்பில் படிக்கும் பல் மருத்துவரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பழைய மொழி இல்லையா" என்றார் பல் மருத்துவர். நான் தலையாட்டினேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு மொழியையே சாட்சிக்கு இழுத்து வந்திருந்தேன். அன்று மாலை சார் தேர்வுக் குழுவுக்கு அனுப்பிய பரிந்துரையின் நகலைக் காட்டினார். முதல் வரியாக, தடித்த எழுத்தில், அதுவே இருந்தது.

எட்டாம் நாள் எல்லாருக்கும் ஓய்வு. நான் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டேன். சரியான பேருந்தில் ஏறி, தவறோ என்று பாதியில் இறங்கி, மீதி தூரம் நடந்தேன். படியில் வேன்காரர் வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க கண்ணாடித் தம்பி. சார் வரல?"

"நான் மட்டும்தான் அண்ணே."

உள்ளே அக்கா வேலை முடிந்து வந்து, ஒன்பதாவது தாளைச் சுவரில் ஒட்டித் துளை போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரியும், அதனால் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

"நான் என்ன சொன்னேன்னு சொன்ன? தமிழ்ல சொல்லு."

சொன்னேன். அந்த வரி தமிழில் ஏதோ மேடைப் பேச்சு போல இருந்தது.

வாசலிலிருந்து வேன்காரர், "நல்லாத்தான இருக்கு. வச்சுக்க" என்றார்.

"நீங்க சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். நீ சும்மா செஞ்சேன்னு சொன்னதுலதான் வந்துது வினை. மூணு மாசம், இவ்வளவு பெரிய கூடம். தானா வர்றத வாயால கெடுத்துக்காத."

அக்கா ஊசியைத் தாளில் குத்தி அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினார்.

"கீழ்ப்படியாதவங்கன்னு யாரச் சொன்ன? இந்தச் சுவத்துல அடிச்சவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. சட்டை மாட்ட அடிச்சிருப்பாங்க. நீ அவங்களையெல்லாம் புடிச்சுப் போராட்டத்துல சேத்துட்ட."  பிறகு, "நான் சொன்னது உனக்குப் போதலயா?" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதற்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் போனேன், கதவுப் பக்கம் வந்தேன். இரண்டு எட்டில் அறை முடிந்துவிட்டது.

"தப்புதான் அக்கா."

"அந்த வரியோட போனா, மூணு மாசமும் அந்த வரிக்கு ஏத்த மாதிரி நான் ஒக்காந்திருக்கணும். தெனம் யாராவது வந்து அதப் பத்திக் கேப்பாங்க. ஆபீஸ்ல இன்னொருத்தர் பேர்ல வர்ற ஃபைல என் மேசையில வச்சா திருப்பி அனுப்பிடுவேன். அது மாதிரிதான்." ஊசியை மறுபடி எடுத்தார். "உங்க சார்கிட்ட நீயே சொல்லிடு. எனக்கு அவர் பாஷை தெரியாதே. நாளன்னைக்கு அவங்க கேட்டா நான் சொல்றத அப்படியே சொல்லணும். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது."

"சரி அக்கா."

வேன்காரர் வெந்நீரிலிருந்து காலை எடுத்தார். "போச்சு" என்றார், யாரையும் பார்க்காமல்.

ஒன்பதாம் நாள் காலை, விடுதிச் சாப்பாட்டு அறையில் சாரிடம் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபிப்பார் என்று நினைத்து அதற்கான பதில்களை வரிசையாக வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"மத்த பக்கமெல்லாம்?"

"மத்ததெல்லாம் சரியா இருக்கு சார். இது ஒண்ணுதான்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

 பத்துப் பேரும் என் வலது பக்கங்களை நம்பித்தான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் பல் மருத்துவர் தன் குறிப்பை மெதுவாக மூடினார். சார் எழுந்து போகும்போது, "நாளைக்கும் நீதான் பேசணும். வேற ஆள் இல்ல" என்றார். வேறு ஆள் கிடைத்திருந்தால் நல்லது என்று அவர் நினைத்தார். நானும்தான்.

பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு விடுதியின் பொதுக் கூடத்தில் திரையை இறக்கினார்கள். அக்கா ஒன்பது சுருள்களோடு வந்தார். வேன்காரர் அவற்றைத் தோளில் சுமந்து வந்து சுவரோரம் நிறுத்தினார். திரையில் இருவர். சாம்பல் நிற ரவிக்கை மாதிரிச் சட்டை அணிந்த பெண், தாடி வைத்த ஆண். முதலில் பெண் கேட்டார்: "உங்கள் முதல் வரி மிக வலிமையானது. அதை விரிவாகச் சொல்லுங்கள்."

அக்காவிடம் சொன்னேன். அவர் திரையைப் பார்த்து, "அது நான் சொன்னதில்லீங்க. இந்தத் தம்பி சொன்னது" என்றார்.

மொழிபெயர்ப்பவன் எதிரே இருப்பவராகவே பேச வேண்டும் என்பது முறை. "அது நான் சொன்னது இல்லை. இந்தத் தம்பி சொன்னது" என்று நான் சொன்னேன். சொல்லும்போதே கை தானாக என் நெஞ்சுக்குப் போனது. திரையில் இருவரும் புரியாமல் பார்த்தார்கள். மறுபடி சொன்னேன். இம்முறை புரிந்தது.

"அப்படியென்றால் இதை ஏன் செய்கிறீர்கள்?"

"சும்மாதான். கண்ணுல பட்டுச்சு."

"தனியாகக் காரணம் இல்லை. கண்ணில் பட்டது." அதன் பிறகு வந்த அமைதியை மனதுக்குள் எண்ணினேன். எட்டு வரை எண்ணினேன். என் நாக்கு எதையாவது போட்டு அதை நிரப்பத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தாடிக்காரர் முன்னால் சாய்ந்தார். "வீட்டைக் காலி செய்து கொடுக்கும் முன் துளைகளை அடைத்துவிடுவார்களே. அடைத்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?"

அக்காவின் முகம் மலர்ந்தது. டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்து வெளிச்சம் அடிப்பாராம், அடைத்த இடம் ஒரு ஓரம் நிழல் காட்டுமாம். பெயிண்ட் புதிது என்றால் கண்ணை நம்பாமல் உள்ளங்கையால் தடவுவாராம். ஆறாவது வீட்டில் ஒரே துளையை மூன்று முறை அடைத்து மூன்று முறை திறந்திருக்கிறார்கள். நாலாவது வீட்டில் இடுப்பு உயரத்துக்கு மேல் ஒரு துளைகூட இல்லை, ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. பேசிக்கொண்டே போனார். நான் ஓடிப் பிடித்துக்கொண்டே வந்தேன். நடுவில் 'மக்கு வச்சு அடைச்சு' என்றார். "மன்னியுங்கள், இந்தச் சொல் எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று திரையைப் பார்த்துச் சொன்னேன். அதைச் சொல்ல அவ்வளவு பயம் இருக்கும் என்று நினைக்கவில்லை. கேட்டேன். சுவரை நிரவப் பூசும் வெள்ளைப் பசை என்றார். சொன்னேன். இருபது நிமிடம் ஆனது.

பிறகு சாரும் திரையில் இருந்த இருவரும் தனியே பேசினார்கள். சார் திரும்பி வந்து என்னிடம் சொன்னார். நான் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

"அவங்க ரெண்டு பேருக்கும் உங்க வேலை பிடிச்சிருக்கு அக்கா. ஆனா பரிந்துரை உண்மையில்லாத வரியோட போயிருக்கு. அது பதிவாயிடுச்சு. இந்த வருஷம் எடுக்க முடியாது. அடுத்த வருஷம் உங்க சொந்த வார்த்தையில அனுப்புங்கன்னு சொல்றாங்க." குறிப்பேட்டை மூடினேன். "என்னாலதான்."

"இதையும் அவர்தான் சொன்னாரா?"

"இல்ல. கடைசிது நான் சொன்னது."

அக்கா தலையாட்டினார். வேன்காரர் சுருள்களைப் பார்த்தபடி, "அடுத்த வருஷத்துக்குள்ள எப்படியும் வீடு மாறிடுவோம். பத்தாயிடும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

அக்கா எழுந்து கூடத்தை அளப்பது போல ஒரு முறை நடந்தார். அந்த முனைக்குப் போய்த் திரும்பினார். "இந்த எடம் எத்தன மணி வரைக்கும் நமக்கு?"

சாரிடம் கேட்டேன். ஒரு மணி வரைக்கும். இன்னும் முப்பத்தைந்து நிமிடம்.

ஒன்பது தாள்களையும் விரித்து மாட்டப் பார்த்தோம். சுவரில் டேப் ஒட்டவில்லை, சுண்ணாம்பு உரிந்து வந்தது. தாள்களின் மேல் விளிம்பில் அக்கா கயிறு வைத்து மடித்து ஒட்டியிருந்தார். தீயணைப்புக்காரர் அதை இழுத்துப் பார்த்து, "தாங்கும்" என்றார். நான் கணக்குப் போட்டேன். வரிசையாக நின்றால் பத்துப் பேர் வேண்டும், கூடமும் போதாது. அக்காவை நடுவில் விட்டு வட்டமாக நின்றால் ஆளுக்கு இரண்டு முனை, ஒன்பது பேர் போதும். சொல்லத் தயங்கினேன். என் பேச்சை இனி யார் கேட்பார்கள்? தீயணைப்புக்காரர் என் முகத்தைப் பார்த்து, "என்ன, சொல்லு" என்றார். சொன்னேன். கொஞ்சம் தாமதித்து, பல் மருத்துவர் முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.

ஒன்பது பேர் ஒன்பது நாற்காலிகளில் ஏறிக் கைகளை உயர்த்தினோம். வேன்காரர் வட்டத்தைச் சுற்றி ஓடி ஓடிக் கயிற்று முனைகளை எடுத்துக் கொடுத்தார். "அஞ்சாவது வீடு தொங்குது, இழு சாமி" என்று மொழி தெரியாத ஒருவரிடம் தமிழிலேயே சொன்னார். அவரும் இழுத்தார். மூன்றாவது தாள் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தது. "பரவால்ல, புடிங்க" என்றார் அக்கா உள்ளேயிருந்து. அதன் பிறகு அவர் குரல் வரவில்லை.

நான் வெளிப்பக்கம் நின்றேன். என் முகத்துக்கு நேரே தாளின் பின்புறம்தான். ஜன்னல்கள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தன, வெளிச்சம் என்னைத் தாண்டி உள்ளே போயிற்று. செருப்பில்லாத கால் நடக்கும் ஓசை மட்டும் கேட்டது. நடந்தது, நின்றது, எதிர்ப்பக்கம் போனது, மறுபடி நடந்தது. தோள் எரிந்தது. ஒரு கையைக் கொஞ்சம் இறக்கினால் ஒரு வீடு சாயும்.

சார் வட்டத்துக்கு வெளியே என் நாற்காலி அருகில் வந்து நின்றார். காலையிலிருந்து வேலைக்கு வேண்டியதைத் தவிர என்னோடு எதுவும் பேசாதவர்.

"என்ன சொல்றாங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல சார்."

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு என் பக்கத்தில் தாழ்ந்திருந்த தாளின் கீழ் ஓரத்தைத் தரையில் படாமல் பிடித்துக்கொண்டார்.